இரும்பு வந்தால் மணி

சித்தப்பாவின் கிடங்குக்குப் போகும் சந்தில் ஒரே ஒரு டெம்போதான் நுழையும். அதுவும் டிரைவர் இருபக்கக் கண்ணாடியையும் மடக்கினால்தான். மும்பையில் மாஹிம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தாராவி ஆரம்பிக்கிற இடம். ரோட்டோரம் ஓர் இரும்பு கேட், அங்கிருந்து நாற்பதடி நீளச் சந்து, முடிவில் கீழே தோல் பைக் கிடங்கு, மேலே வீடு. பகலில் அந்த ரோட்டில் வண்டியைப் பின்னுக்கு எடுப்பது பெரும் தவம் என்பதால் சரக்கு வண்டி இரவு ஒரு மணிக்கு மேல்தான் வரும். வந்ததும் டிரைவர் ஹாரன் அடிப்பான். சித்தப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆகவே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்த பிறகு, கடைசி ஆளாக அவர் எழுந்திருப்பார்.

இதற்கு வழி தேடித்தான் போன வருடம் லாமிங்டன் ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு டிரைவ்வே அலாரம் வாங்கிவந்தார். டிரைவ்வே என்ற சொல்லுக்குத் தமிழில் சரியான சொல் இல்லை. மும்பையில் பெரும்பாலும் அந்தப் பொருளே இல்லை. ரோட்டிலிருந்து வீட்டு வாசல்வரை கார் போக ஒரு சொந்தப் பாதை, இருபுறமும் புல்வெளி என்பதெல்லாம் வேறு ஊர்க் கதை. அங்கே வீடு ரோட்டை விட்டுத் தள்ளி இருப்பதால், யாரோ வண்டியில் உள்ளே நுழைகிறார் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கருவி தேவைப்பட்டது. பாதையோரம் ஒரு சென்சார், வீட்டுக்குள் ஒரு பெட்டி. அங்கே ஏதாவது நகர்ந்தால் இங்கே மணி அடிக்கும். அவ்வளவுதான் சாமான்.

மாட்டிய முதல் இரவிலேயே முப்பது தடவைக்கு மேல் அடித்ததாம். விடியற்காலையில் எனக்குப் போன் வந்தது. "ஏலே, நீ இதெல்லாம் படிச்சவன்தானே. பூனைக்கும் அடிக்கி, தார்ப்பாய் ஆடுனாலும் அடிக்கி, டெம்போ வந்தப்போ மட்டும் அடிக்கல. என்னன்னு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அது என்ன பார்க்கும்படி செய்யப்பட்டதோ அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அது பி.ஐ.ஆர். வகை, சூட்டைப் பார்க்கும் சென்சார். உடம்புச் சூட்டில் இருக்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. மனித உடம்பு அதிகம் வீசுவது 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். அந்தக் கதிர் சில வகைப் படிகங்களின் மேல் பட்டு அவை லேசாகச் சூடேறினால், படிகத்தின் இரு முகங்களிலும் மின்னேற்றம் தோன்றும். இந்தக் குணத்தை ஐரோப்பா கண்டுகொண்டது நம் பக்கத்துக் கல்லில்தான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து கொண்டுபோன மணிக்கற்களில் ஒன்று, சூடாக்கினால் சாம்பலைத் தன்பால் இழுத்தது. அவர்கள் அதற்குச் சாம்பல் இழுப்பான் என்று தங்கள் மொழியில் பேர் வைத்தார்கள். சிங்களத்தில் அதன் பேர் தோரமல்லி. டூர்மலின் என்று இன்று உலகம் சொல்வது அதிலிருந்து வந்ததே. 1756-ல் ஏப்பினஸ் என்ற அறிஞர் அது மின்சாரத்தின் வேலை என்று காட்டினார். இன்றைய சென்சாருக்குள் இருப்பது டூர்மலின் அல்ல, லித்தியம் டான்டலேட்டோ பீங்கான் வகைப் பொருளோ. குணம் மட்டும் அதேதான்.

சென்சாருக்குள் இப்படி இரண்டு துண்டுகள், எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறி இரண்டும் ஒன்றாகச் சூடானால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒன்றில் முதலில், மற்றதில் பிறகு என்று சூடு நகர்ந்தால்தான் குறிப்பு எழும்பும். முன்னால் பால் நிறத்தில் தெரியும் வரிவரியான பிளாஸ்டிக் மூடி, பார்வைப் பரப்பைப் பல கீற்றுகளாகப் பிரிக்கும் லென்ஸ். ஆள் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சூடு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொள்கிறது.

இதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. குறுக்கே போவது நன்றாகத் தெரியும். நேர் எதிரே வருவது ஒரே கீற்றுக்குள்ளேயே இருப்பதால் சரியாகத் தெரியாது. சித்தப்பா சென்சாரைச் சந்தின் முடிவில், கேட்டைப் பார்த்து மாட்டியிருந்தார். டெம்போ நேரே அதன் முகத்துக்கு வந்தது. பூனையோ சுவரிலிருந்து சுவருக்குக் குறுக்கே ஓடியது. பூனைக்கு அடித்து வண்டிக்கு அடிக்காத மர்மம் அதோடு தீர்ந்தது.

இன்னொன்று ஊர் சம்பந்தப்பட்டது. இந்தச் சென்சாருக்கு வேண்டியது சூடு அல்ல, சூட்டு வித்தியாசம். நம் தோலின் மேற்பரப்பு 33, 34 டிகிரி. மே மாதப் பகலில் மும்பைக் காற்றும் அதே 33, 34. வெயில் பட்ட சுவர் அதற்கும் மேலே. அந்த நேரத்தில் சுவர் ஓரமாக நடந்து வரும் ஆள், வெள்ளைத் தாளில் வெள்ளைப் பென்சிலால் போட்ட கோடு மாதிரி. ராத்திரியானால் சுவர் ஆறிவிடும். எலி, பூனை, நாய் எல்லாம் பளிச்சென்று தெரியும். பகல் முழுக்கச் சூடேறி நின்ற தகரக் கூரையின் மேல் தார்ப்பாய் ஒன்று காற்றில் விலகி விலகி மூடினால், அதுவும் சென்சாருக்குச் சூடு நகர்வதுதான். குளிர்நாட்டு வீட்டுக்காகச் செய்த கருவி மாஹிமில் படும் பாடு இது.

அப்படியென்றால் வேறு எதைப் பார்த்து வண்டியைக் கண்டுபிடிப்பது? வண்டியில் மட்டும் இருக்கிறது, பூனையில் இல்லை, தார்ப்பாயில் இல்லை. அப்படி ஒன்று வேண்டும். விடை, இரும்பு.

பூமி முழுக்க ஒரு மெல்லிய காந்தப் புலம் பரவியிருக்கிறது. மும்பையில் அதன் அளவு சுமார் 43,000 நானோடெஸ்லா. திசைகாட்டி முள்ளைத் திருப்புவதற்குப் போதும், வேறெதற்கும் போதாது. இந்தப் புலத்தில் ஒரு பெரிய இரும்புத் துண்டு வந்து நின்றால், வாய்க்காலில் மடையைத் திறந்ததும் பக்கத்துத் தண்ணீரெல்லாம் அங்கே சாய்வதுபோல, சுற்றியுள்ள காந்தக் கோடுகள் இரும்புக்குள் சாயும். பக்கத்தில் ஓர் இடத்தில் புலம் கூடும், இன்னோர் இடத்தில் குறையும். அந்த மாற்றத்தை அளந்தால் வண்டி வந்தது தெரிந்துவிடும். எவ்வளவு மாறும் என்பதற்கு மும்பையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது.

கொலாபாவில் 1826-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகம் கட்டியது. 1841 முதல் அங்கே பூமியின் காந்தப் புலத்தை அளந்து எழுதிவந்தார்கள். 1859 செப்டம்பர் 2 அன்று சூரியனிலிருந்து கிளம்பிய புயல் ஒன்று பூமியைத் தாக்கியது; தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் புயலின் வலிமையை இன்று விஞ்ஞானிகள் கணிப்பதற்குக் கொலாபா ஏடு ஒரு முக்கிய ஆதாரம். அன்று அங்கே காந்தப் புலத்தின் கிடைமட்டப் பகுதி சுமார் 1,600 நானோடெஸ்லா விழுந்தது. பதிவானவற்றிலேயே மிகப் பெரிய வீழ்ச்சிகளில் ஒன்று அது. இப்போது ஒரு டெம்போவைச் சென்சார் புதைத்த இடத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். பல ஆயிரம் நானோடெஸ்லா சாதாரணமாக ஆடும். உலகத்தைக் கலக்கிய சூரியப் புயலைவிட, தோல் பை ஏற்ற வந்த குட்டி யானை அந்த ஓர் அடி மண்ணில் அதிகம் கலக்குகிறது. (குட்டி யானை நம் ஊர்ப் பேர், மும்பையில் அதே டாடா ஏஸுக்கு சோட்டா ஹாத்தி என்று பேர். இரண்டு ஊரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.)

கொலாபா ஆய்வகத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 1900-ஐ ஒட்டிய வருடங்களில் குதிரை டிராமை எடுத்துவிட்டு மின்சார டிராம் விடுவது என்று நகரம் முடிவெடுத்தது. டிராமுக்குப் போன மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பும். கொஞ்சம் மண்ணுக்குள்ளும் கசியும். மின்சாரம் ஓடுகிற இடமெல்லாம் காந்தப் புலம். அறுபது வருட அளவீடு கெட்டுப்போகும் என்று ஆய்வகத் தலைவர் நானாபாய் மூஸ் கண்டார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். கடல் தாண்டி அலிபாகில், காந்தக் குணம் இல்லாத போர்பந்தர்க் கல்லில் புது ஆய்வகம் எழும்பியது. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்து, பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பொருத்திவிட்டுத்தான் கொலாபாவை மூடினார்கள். 1907 மே மாதம் முதல் மின்சார டிராம் ஓடியது. அதை ஓட்டிய கம்பெனியின் வழிவந்ததுதான் இன்றைய பெஸ்ட். மாஹிமிலும் தாராவியிலும் வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது அதுதான். ஒரு காலத்தில் காந்தமானிகளை ஊரைவிட்டே கிளப்பிய கம்பெனியின் மின்சாரத்தில்தான் இப்போது சித்தப்பா வீட்டுக் காந்தமானி ஓடுகிறது.

அலிபாக் கருவி ஒரு நானோடெஸ்லாவுக்கும் கீழே பார்க்கும். நமக்கு அது வேண்டாம். போனில் திசைகாட்டிக்காக வைக்கிற சில்லுகள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன, க்யூ.எம்.சி. 5883 என்ற வகை லாமிங்டன் ரோட்டில் எல்லாக் கடையிலும் உண்டு. சுமார் 200 நானோடெஸ்லா மாற்றத்தைப் பிடிக்கும். வண்டிக்கு அது தாராளம். கடையில் ஆயத்தமாக விற்கும் காந்த வகை டிரைவ்வே அலாரத்தில் சில்லுக்குப் பதில் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். புலம் மாறும்போது மட்டும் சுருளில் மின்னழுத்தம் எழும். நின்றுவிட்ட வண்டி அதற்குத் தெரியாது. சில்லுக்கு நிற்கும் வண்டியும் தெரியும். சந்தில் வண்டி இன்னும் நிற்கிறதா, போய்விட்டதா என்று கேட்கவும் வழி இருப்பதால் நான் சில்லையே எடுத்தேன்.

காந்தத்தில் இன்னொரு வசதி, தூரம் கூடக்கூட அது சடாரென்று விழும். தூரம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. ரோட்டில் போகும் பஸ்ஸும் லாரியும் சந்துக்குள் இருக்கிற சென்சாரைத் தொந்தரவு செய்யாது. பக்கத்தில் ஓடுகிற லோக்கல் ரயில்? 1925 முதல் மும்பை ரயில்கள் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடின. அந்தக் காலமாக இருந்தால் ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் புலம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கடந்த இருபது வருடத்துக்குள் எல்லாம் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு வந்துவிட்டது. அது நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவதால், நிறைய அளவுகளின் சராசரியை எடுத்தால் கழிந்துபோகிறது.

நான் கோட்டைவிட்டது வேறொன்றில். சென்சாரை கேட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தேன். கேட் முழுக்க இரும்பு. பால்காரர் கேட்டைத் திறந்தாலும் வீட்டுக்குள் 'வண்டி வந்தது' என்றது. வாட்ச்மேன் அதில் சாய்ந்து நின்றால்கூட லேசாக ஆடி எண் எகிறியது. மறுநாள் தோண்டி எடுத்து மூன்று மீட்டர் உள்ளே தள்ளிப் புதைத்தேன். கேட்டின் தொந்தரவு அடங்கியது. கேட் போட்ட இடத்தில் இந்தச் சென்சார் வைக்கிறவர்கள் முதலில் கேட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு மண்ணைத் தோண்டுவது நல்லது.

இனி இணைப்பு. வீட்டுத் தானியங்கி அமைப்பு என்றால் என்னவோ பெரிய சமாச்சாரம் மாதிரி விளம்பரத்தில் காட்டுகிறார்கள். நடுவில் எப்போதும் விழித்திருக்கும் ஒரு சின்னக் கணினி, அதில் ஒரு மென்பொருள். சித்தப்பா வீட்டில் போட்டிருப்பது ஹோம் அசிஸ்டன்ட். 2013-ல் பாவ்லஸ் ஸ்கவுட்சன் என்பவர் தொடங்கிய திறமூல மென்பொருள், காசு கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மூன்று கேள்வி: என்ன நடந்தது, அப்போது என்ன நிலைமை, என்ன செய்ய வேண்டும். அலாரப் பெட்டியிலிருந்து 'நடந்தது' என்ற ஒரே ஒரு செய்தியை அதன் காதில் போட்டுவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

அலாரக் கம்பெனி எது, எந்த நாடு என்பதெல்லாம் முக்கியமில்லை. பெட்டியின் பின்னால் மூன்று திருகு இருந்தால் பாதி வேலை முடிந்தது. காமன், என்.ஓ., என்.சி. என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு ரிலே. மணி அடிக்கும்போது காமனும் என்.ஓ.வும் ஒன்றோடொன்று ஒட்டும், முடிந்ததும் விலகும். அதில் மின்சாரம் வராது, வெறும் தொடுப்பு. நம் வீட்டு ஸ்விட்ச் மாதிரிதான், விரலுக்குப் பதில் அலாரம் அழுத்துகிறது. மின்சாரம் வராததால் எதனோடும் பயமில்லாமல் சேர்க்கலாம்.

அந்தத் தொடுப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கதவு திறந்தால் ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் சொல்லும் சென்சார் ஒன்று வாங்குங்கள். அதற்குள் நெல்மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், ரீட் ஸ்விட்ச். குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடு, காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், போனால் விலகும். 1936-ல் பெல் ஆய்வகத்தில் எல்வுட் என்பவர் செய்தது. கதவில் காந்தம், நிலையில் இந்தக் குழாய்; கதவு திறந்தால் தகடு விலகும். இந்தக் குழாயைப் பற்றவைப்பு இரும்பால் பக்குவமாக எடுத்துவிட்டு, அது இருந்த இரண்டு புள்ளியில் அலாரத்தின் காமன், என்.ஓ. கம்பிகளைப் பற்றவைத்தால் தீர்ந்தது. அலாரம் அடித்ததும் சென்சார் 'கதவு மூடியது' என்று நடுவிலிருக்கும் கணினிக்குச் சொல்லும். பேரை 'சந்து' என்று மாற்றிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு மணி நேர வேலை. ஜிக்பீக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அதுவும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுபவை, மாஹிமில் எந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றாலும் இருபது வைஃபை பேர் வரும். ஜிக்பீயை 25-ஆம் சேனலில் வைத்தால் கூட்டத்துக்கு வெளியே நிற்கலாம்.

மூன்று திருகு இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றில் விளக்கோ ஸ்பீக்கரோ மட்டும்தான் இருக்கும். அப்போது அந்த எல்.இ.டி. விளக்குக்குப் போகும் மின்சாரத்தையே பிடிக்க வேண்டும். ஆப்டோகப்ளர் என்று ஒரு நாலுகால் சில்லு. உள்ளே ஒரு பக்கம் குட்டி விளக்கு, எதிர்ப் பக்கம் வெளிச்சம் பட்டால் வழிவிடும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது, வெளிச்சம் மட்டும் தாண்டும். ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் பிழைக்கும் என்பதால், ரிலே இருக்கிற இடத்திலும் நான் இதைச் சேர்க்கிற கட்சி.

காந்தச் சில்லுக்கு வேறு வழி. அதை இ.எஸ்.பி. 32 என்ற வைஃபை சில்லுப் பலகையோடு இணைத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஓடும் செய்திக் கம்பி ஒரு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் எண்கள் உளறும். அதனால் சில்லு பிளாஸ்டிக் குழாயில் மண்ணுக்குள், பலகை சுவரில் இடுப்பு உயரத்தில் மூடிய பெட்டியில், வீட்டிலிருந்து பலகைக்கு 5 வோல்ட் கம்பி. அது எம்.க்யூ.டி.டி. என்ற முறையில் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. 1999-ல் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உண்டாக்கிய முறை அது. ஒவ்வொரு எழுத்துக்கும் காசு என்ற காலத்தில் பிறந்ததால் படு சிக்கனம். சந்துக்கு அது எதேஷ்டம்.

கம்பி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தொல்லை இங்கேதான் வருகிறது. நாற்பதடிக் கம்பி சும்மா இருக்காது. அது ஒரு ஆன்டெனா. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினாலும் அதில் ஒரு துள்ளல் வரும். சில்லுக்குள்ளே மின்னழுத்தத்தை மேலே தூக்கிப் பிடிக்கும் தடை மிகப் பலவீனம், வெளியே 4.7 கிலோ ஓம் தடை ஒன்று போட்டால் கம்பி உறுதியாக நிற்கும். நெட்வொர்க் கேபிளில் முறுக்கிய ஜோடியாக வருகிறதே, அந்த ஜோடி ஒன்றை எடுங்கள். முறுக்கில் துள்ளல்கள் பெரும்பாலும் கழிந்துவிடும். இன்னொன்று, ரிலே ஒட்டும்போது ஒரே தடவை ஒட்டாது. தரையில் விட்ட கோலிக்குண்டு மாதிரி சில மில்லி விநாடிகள் துள்ளி ஒட்டும். வேகமான சில்லு அதைப் பத்து வண்டி என்று எண்ணிவிடும். ஐம்பது மில்லி விநாடி தொடர்ந்து ஒட்டியிருந்தால்தான் கணக்கு என்று மென்பொருளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கம்பி இழுக்க வழியில்லாதவர்கள் ரேடியோ வகை வாங்குவார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும் இந்த வகைதான். தயவுசெய்து அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் உரிமமின்றிப் பேசலாம். இந்தியாவில் 890 முதல் 915 வரை செல்போன்கள் கோபுரத்தோடு பேசும் இடம். அங்கே பூனை வந்தது, நாய் வந்தது என்று ஒரு பெட்டி கத்திக்கொண்டிருப்பது சட்டப்படி தப்பு, பக்கத்துவீட்டுப் போனுக்கும் கெடுதல். இங்கே உரிமமின்றி அனுமதித்திருப்பது 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிறு பட்டை, 865–868 பட்டை, 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்றவை. பாந்த்ரா–வொர்லி சீ லிங்க் டோலில் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் பேசுவதும் அந்த 865–868 பட்டைக்குள்தான். சித்தப்பா வாங்கிய பெட்டி 433, பிழைத்தார்.

சூடு ஒன்று, இரும்பு ஒன்று என்று இரண்டு சாட்சி வந்த பிறகுதான் வேலை சுவாரசியமானது. சூட்டுச் சென்சாரைக் கழற்றி, சந்தின் முக்கால் தூரத்தில் பக்கவாட்டுச் சுவரில், வழிக்குக் குறுக்கே பார்க்கும்படி மாட்டினேன். காந்தம் முன்னே கேட்டுப் பக்கம். இரும்பு முதலில் தெரிந்து, பத்து விநாடிக்குள் சூடும் தெரிந்தால் வண்டி உள்ளே வருகிறது. சூடு முதலில், இரும்பு பிறகு என்றால் வெளியே போகிறது. சூடு மட்டும் தெரிந்தால் பூனையோ ஆளோ. ராத்திரியில் சந்து விளக்கைப் போடு, யாரையும் எழுப்பாதே. இரும்பு மட்டும் தெரிந்தால் வண்டி பாதியில் நிற்கிறது. முப்பது விநாடி பொறு, பிறகு சொல். இதெல்லாம் மென்பொருளில் நாலைந்து வரிதான். பைக்குக்குப் புலம் குறைவாக ஆடும், டெம்போவுக்கு அதிகம். நடுவில் ஒரு கோடு கிழித்தால் சரக்கு வண்டியைத் தனியே பிரித்துவிடலாம். கோட்டை எங்கே கிழிப்பது என்பதற்குச் சூத்திரம் இல்லை. இரண்டு வாரம் எண்களைப் பதிந்து, எந்த நேரத்தில் எது வந்தது என்று வாட்ச்மேனிடம் கேட்டுக் கேட்டுத்தான் கிழித்தேன். அவர் இல்லாவிட்டால் அந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை.

கேமரா ஒன்றை மாட்டினால் போயிற்றே என்று என் தம்பி கேட்டான். மாட்டலாம். ஆனால் அந்தச் சந்தில் நாலு வீட்டு ஜன்னல் திறக்கிறது. பெண்கள் துணி காயப்போடும் இடம். காந்தச் சில்லுக்கு முகம் தெரியாது. எனக்கு அது பெரிய வசதி.

மாஹிமில் எந்தக் கருவிக்கும் பரீட்சை ஜூனில்தான். மித்தி ஆறு கடலில் சேர்வது இந்தப் பக்கம்தான். ஓதமும் மழையும் ஒன்றாக வந்தால் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்கள் சித்தப்பா தலைமுறை. காந்தப் புலத்துக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. மூழ்கினாலும் சில்லு வேலை செய்யும், உள்ளே தண்ணீர் புகாதவரை. ஐ.பி. 67 என்று போட்ட பெட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள், நான்கு மாதம் அல்ல. ஆகவே குழாயின் இரண்டு முனையையும் எபாக்ஸி ஊற்றி அடைத்தேன். மேலே இருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம். அதைவிடப் பெரிய எதிரி கடற்காற்று. திருகு முனையில் பச்சை பூத்தால் தொடுப்பு போய்விடும், அலாரம் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும். அதனால் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் போனில் தகவல் வரும் என்று வைத்திருக்கிறேன்.

மின்சாரம் மும்பையில் அடிக்கடி போகாது. போனால் 2020 அக்டோபர் 12 மாதிரி ஊரோடு போகும். கணினிக்கும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ். போதும். இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் இருக்கிற மணியும் விளக்கும் வேலை செய்ய வேண்டும்; எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுவிட்டு இங்கே விளக்குப் போடும் கருவிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சந்து விளக்கின் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டேன். அதில் கைவைப்பது என் வேலையல்ல, உங்கள் வேலையுமல்ல.

இப்போது இரவு வண்டி கேட்டைத் தாண்டினால் சித்தப்பாவின் தலைமாட்டு விளக்கு எரிகிறது, தலையணைக்குக் கீழே ஓர் அதிர்வான் நடுங்குகிறது. ஹாரன் கிடையாது. "வீட்டுக்குள்ள பூகம்பம் மாதிரில்லா ஆட்டுது" என்று முதல் நாள் திட்டினார், பிறகு பழகிவிட்டது.

நீங்களும் ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்காரர் மணிச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவதற்கு முன் பெட்டியை வாங்கித் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் சீட்டில் எத்தனை மெகாஹெர்ட்ஸ், பின்னால் காமன், என்.ஓ., என்.சி. என்ற மூன்று திருகு உண்டா என்று மட்டும் பாருங்கள். திருகு இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.